ஜுபைதா வீட்டு ஜப்பான் மிஷின்

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிந்ததைக் கொண்டாட, சாதுல்லா தன் மனைவிக்கு ஒரு பரிசு வாங்கி வந்தார். அதை மாடிக்குத் தூக்க நான்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

மற்ற வீட்டுக் கணவன்மார்கள் இந்த மாதிரி நாளில் ஒரு புடவை, ஒரு கம்மல், ஒன்றுமில்லாவிட்டால் கால் கிலோ அல்வா என்று முடித்துக்கொள்வார்கள். சாதுல்லா அப்படிச் சின்னதாக யோசிக்கிற மனிதர் அல்ல. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கர் அவர். ஓடாத வண்டியை ஓடும் என்று சொல்லி விற்பதும், ஓடும் வண்டியை ஓடாது என்று சொல்லி வாங்குவதும்தான் தொழில். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூடிப்போன ஒரு துணி கம்பெனியின் சாமான்கள் ஏலம் போனபோது, வண்டி ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கப் போனவர், ஒரு பழைய தையல் மிஷினோடு திரும்பினார். மேஜை, மிதி, அடியில் ஆட்டுக்கல் பருமனுக்கு ஒரு மோட்டார்.

"கண்ண மூடிக்கோ" என்றார்.

படிக்கட்டில் நான்கு பேர் "அந்தாண்ட, இந்தாண்ட, கால் மேல கால் மேல" என்று கத்திக்கொண்டு வரும்போது கண்ணை மூடி என்ன பிரயோஜனம் என்று ஜுபைதாவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் மூடினாள். திறந்தபோது ஹாலில் பாதியைக் காணோம்.

"இன்னாங்க இது?"

"ஜப்பான் மிஷின். ஒரிஜினல். இப்பல்லாம் இது கெடைக்கவே கெடைக்காது."

"கெடைக்காதா, யாரும் வாங்க மாட்டாங்களா?"

சாதுல்லா சிரித்தார். மனைவிக்கு ஆனந்தம் தாங்கவில்லை, அதனால்தான் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஜுபைதாவுக்கு அந்த மாதிரி மிஷினை நன்றாகத் தெரியும். அதே எஸ்டேட்டில் பன்னிரண்டு வருஷம் அப்படி ஒரு மிஷின் முன்னால் உட்கார்ந்து சட்டைக் காலர் தைத்தவள். காலர் மட்டும்தான். அவள் தைத்த காலர் எந்தச் சட்டையில் போய் உட்காருகிறது, அந்தச் சட்டைக்குக் கை எத்தனை நீளம் என்பதெல்லாம் அவளுக்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள். முதுகுவலி வந்து வேலையை விட்ட அன்று, இனி இந்த முகத்தில் விழிப்பதில்லை என்று மிஷினைப் பார்த்துச் சபதம் போட்டுவிட்டு வந்தாள். ஜெயிலில் இருந்து வந்தவனுக்கு ஒரு கம்பிக் கதவை வாங்கி வந்து வீட்டில் மாட்டிக் கொடுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது புருஷன் கொடுத்த பரிசு.

ஆனால் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் எதற்கும் ஒரு வேலை கொடுத்தாக வேண்டும் என்பது அவள் கொள்கை. சாதுல்லாவுக்கு மட்டும்தான் அந்த விதியில் விலக்கு. பஜாரில் புர்காக் கடை வைத்திருந்த முகமது இஸ்மாயில் பாய் வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தனுப்பினார். ஜுபைதா தைக்க உட்கார்ந்தாள். மோட்டாரைப் போட்டதும் வீடே ஒரு முறை உறுமியது. கீழ் வீட்டு ராஜகுமாரி அலறியடித்துக்கொண்டு மேலே வந்தாள்.

"அக்கா, மெட்ரோக்காரன் நம்ம ஊட்டுக்கு அடியில தோண்டறானா?"

"இல்லம்மா, எங்க ஊட்டுக்காரர் எனக்குப் பிரசண்ட் குடுத்திருக்காரு."

ராஜகுமாரி மிஷினைப் பார்த்தாள், சாதுல்லாவைப் பார்த்தாள், "பாவம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். யாரைச் சொன்னாள் என்று சாதுல்லாவுக்குக் கடைசி வரை புரியவில்லை.

மிஷின் நல்ல உழைப்பாளி. சத்தம் போட்டாலும் சொன்ன வேலையைச் செய்தது, வீட்டில் தன்னைத் தவிர அந்தப் பழக்கம் உள்ள இன்னொரு ஜீவன் என்று ஜுபைதாவுக்கு அதன் மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. நடுவில் ஒரு மார்கழிக் காலையில் மட்டும் சக்கரம் நகர மறுத்தது. மிஷின் எண்ணெய் தீர்ந்துபோனதைப் பார்த்து, மனைவிக்கு உதவியாக இருக்கட்டுமென்று சாதுல்லா முந்தின வாரம் தேங்காய் எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். அது தொட்டியில் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது.

"சுத்தமான செக்கு எண்ணெய்" என்றார் அவர், குற்றம் எண்ணெயின் தரத்தில்தான் இருக்க முடியும் என்பதுபோல.

அதைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சரியான எண்ணெய் ஊற்றி, வழிக்குக் கொண்டுவந்தாள். அப்புறம் ரம்ஜானுக்கு முந்தைய மாதம் வந்தது. புர்கா தைப்பவர்களுக்கு மூச்சு விட நேரமில்லாத மாதம். அப்போதுதான் இஸ்மாயில் பாய் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு தானே படியேறி வந்தார். படியேறி வரும் மனிதரல்ல அவர். ஜுபைதா மோட்டாரை நிறுத்தினாள்.

"ஜுபைதாம்மா, நீ தெச்சதுதானே இது?"

ஒரு புர்காவின் பக்கத் தையலை இரண்டு கையால் லேசாக இழுத்துக் காட்டினார். டர்ரென்று முழங்கை நீளத்துக்குப் பிரிந்தது. நான்கு தையல் விழுந்திருந்தது, அடுத்த மூன்று விழவே இல்லை, பிறகு இரண்டு, மறுபடி ஒன்றுமில்லை. கறுப்புத் துணியில் கறுப்பு நூல். தைக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போது தெரியும்.

"ஒரு அம்மா கடையில வந்து, எல்லார் முன்னாடியும் இதே மாதிரி இழுத்துக் காட்டிட்டுப் போச்சு" என்றார் பாய். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "மிஷின பாரும்மா. பெருநாளுக்கு ஆர்டர் இருக்கு. இல்லாட்டி நான் வேற ஆளு பாக்கணும், தப்பா நெனைக்காத."

அவர் போன பிறகு ஜுபைதா வெள்ளைத் துணியில் தைத்துப் பார்த்தாள். மிஷின் ஒரு பக்கம் தைத்து ஒரு பக்கம் தூங்கியது. ஊசியை மாற்றினாள். நூலை முழுதும் உருவி மறுபடி கோத்தாள். பாபினைக் கழற்றி ஊதி, பஞ்சைத் தட்டிப் போட்டாள். ம்ஹூம்.

சாதுல்லா அந்த நேரத்தில் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தார். கருத்துச் சொல்லவில்லை. "பழைய மிஷின்தானே, தேய்மானம் இருக்கும்" என்று மட்டும் ஒரு தரம் முனகினார். தான் வாங்கி வந்த பொருளைத் தானே பழசு என்று அவர் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. ஜுபைதாவுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"நான் போயி கஜபதிய இட்டுகினு வரேன்" என்று கிளம்பினார்.

கஜபதி என்ற பெயரைக் கேட்டதும் ஜுபைதாவுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. அவள் வேலை பார்த்த கம்பெனியில் அவர்தான் மெக்கானிக். அங்கே தைக்கிற பெண்கள் யாரும் திருப்புளியைத் தொடக் கூடாது. தொட்டால் சூப்பர்வைசர் ரூமுக்கு வெளியே அரை நாள் நிற்க வேண்டும், சம்பளத்தில் அது அரை நாள் லீவு. மிஷின் மக்கர் பண்ணினால் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கஜபதி அவருக்குத் தோன்றும்போது வருவார். உடம்பை மறைத்துக் குனிந்து உள்ளே என்னவோ திருகுவார். நிமிர்ந்து, "மிஷின்ல ஒண்ணுமில்ல. நீ மிதிக்கிற மொற சரியில்ல" என்பார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட மிஷினில் கோளாறு இருந்ததாகச் சொன்னதில்லை. கோளாறெல்லாம் பெண்களின் காலில்தான்.

கஜபதி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, அதிகாரம் நரைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்து, மிஷினைச் சாய்க்காமல், விளக்குப் போடாமல், அடியில் கையை விட்டுக் கட்டை விரலால் தடவினார். நாடி பார்க்கும் வைத்தியர் தோற்றார்.

"ஹூக்கு பூட்ச்சு. ஷாஃப்ட்டும் பூட்ச்சு. வெறும் பாடிதான் மிச்சம்."

"நல்லா பாத்தீங்களா அண்ணாத்தே?" என்றாள் ஜுபைதா.

"எத்தினி வருசமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா? புச்சு வாங்கிக்க. இத்த வேணா நான் எடுத்துகினு போறேன். உங்களுக்கு எதுக்கு, எடத்த அடச்சிகினு."

"ஏன், உங்க ஊட்ல எடம் ஜாஸ்தியா கீதா?" என்றாள் ஜுபைதா.

கஜபதி சாதுல்லாவைப் பார்த்தார். சாதுல்லா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். கஜபதி கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை சாதுல்லா வெளியே போனதும் ஜுபைதா கதவைத் தாழ் போட்டாள். போனில் வீடியோ தேடினாள். தமிழில் ஒருவர் கிடைத்தார். அவர் முதலில் வணக்கம் சொன்னார், பிறகு மணியை அமுக்கச் சொன்னார், பிறகு தன் சேனல் வளர்ந்த கதையைச் சொன்னார். மிஷினுக்கு வருவதற்குள் ஜுபைதா உலை வைத்துச் சோறு வடித்துவிட்டாள். அடுத்ததில் எந்த ஊர்க்காரரோ, வங்காளி மாதிரி இருந்தது, முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டி வேலை செய்தார். பேச்சு புரியாததால் விஷயம் சீக்கிரம் புரிந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். வீட்டில் கேஸ் அடுப்பு திருகுவதற்கு வைத்திருந்த திருப்புளியை எடுத்தாள். ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டின் முதல் திருகில் அதை வைத்ததும் கை தன்னால் நின்றது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். கழுத்து தானாகப் பின்பக்கம் திரும்பியது. பின்னால் சூப்பர்வைசர் இல்லை, பீரோதான் இருந்தது. "தூ" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு திருகினாள்.

தகடு வந்தது. அதற்குக் கீழே, துணியை நகர்த்தும் பற்களுக்கு நடுவே, பஞ்சு பொதி கட்டியிருந்தது. குண்டூசியால் நெம்பினாள். பஞ்சோடு ஒரு உடைந்த ஊசி முனை வந்தது. கூடவே கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு, காப்பி நிறத்தில், தடியாக, வழவழவென்று. முகர்ந்து பார்த்தாள். கார் வாசனை அடித்தது.

சாதுல்லா மத்தியானம் சாப்பிட வந்தார். தட்டில் சோறு, மீன் குழம்பு, ஓரத்தில் ஊறுகாய் வைக்கிற இடத்தில் அந்தக் காப்பி நிறத் துண்டு.

"இது இன்னா?" என்றாள்.

"ரெக்சின் மாதிரி கீது."

"நான் புர்கா தெக்கிறேன். புர்காவுல ரெக்சின் எங்க வெச்சேன்?"

சாதுல்லா சோற்றில் கை வைத்தார், எடுத்தார். "நீ நம்ம பொண்ணு சைமாவ பாக்க அயனம்பாக்கம் போனல்ல, அன்னிக்கி… பார்ட்டி அவசரம்னான். ஒரே ஒரு சீட் கவரு. ஓரம் மட்டும்தான் தெச்சேன்."

"ஊசி?"

"அது தானா ஒடஞ்சிச்சு."

"அப்பறம்?"

"சக்கரம் மாட்டிகிச்சு. லைட்டா திருப்பி உட்டேன்."

"கையாலயா?"

மீன் குழம்பைப் பார்த்துக்கொண்டே சாதுல்லா சொன்னார்: "ஜாக்கி லிவரால."

லாரியைத் தூக்குகிற லிவரால் தையல் மிஷினின் சக்கரத்தைத் திருப்பிய முதல் ஆள் என்ற பெருமை பூந்தமல்லிக்குச் சேர்ந்தது. ஜுபைதா வாயைத் திறந்தாள். அவளிடம் சொல்வதற்கு இருபத்தைந்து வருஷச் சரக்கு இருந்தது. ஆனால் வினோதமாக, கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. மிஷின் தேய்ந்து சாகவில்லை. நன்றாக இருந்ததை ஒருத்தர் முறுக்கி நகர்த்தியிருக்கிறார். நகர்ந்தது என்றால் திரும்ப நகர்த்தலாம்.

"சாப்பிடுங்க" என்றாள். "சாப்புட்டு வெளிய போங்க. நான் கூப்பிடற வரைக்கும் இந்த ஹால்ல உங்க நெழல்கூட உழக் கூடாது."

மிஷினின் தலையைப் பின்பக்கமாகச் சாய்த்தாள். பன்னிரண்டு வருஷம் அதன் முகத்தையே பார்த்தவள் அன்றுதான் வயிற்றைப் பார்த்தாள். போன் விளக்கைப் போட்டு மேஜையில் சாய்த்து வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினாள். ஊசி கீழே இறங்கியது, மேலே ஏறத் தொடங்கியது. ஏறத் தொடங்கும் அந்தக் கணத்தில் நூல் ஒரு சின்ன வளையமாகப் புடைக்க வேண்டும், ஹூக்கின் கூர்முனை வந்து அந்த வளையத்தைக் கொத்திக்கொண்டு போக வேண்டும். அதுதான் ஒரு தையல். இங்கே ஊசி பாதிக்கு மேல் ஏறிப் போன பிறகு ஹூக் நிதானமாக வந்து சேர்ந்தது, கல்யாண வீட்டுக்குச் சாப்பாடு முடிந்த பிறகு வரும் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. ஜாக்கி லிவர் ஹூக்கை அதன் தண்டில் வழுக்க வைத்திருந்தது.

ஹூக்கைப் பிடித்திருந்த திருகுகளைத் தளர்த்தினாள். ஊசிக்கம்பியில் மெல்லிய கோடு ஒன்று இருந்தது. அந்த வங்காளி விரல் அதைத்தான் திரும்பத் திரும்பத் தொட்டுக் காட்டியிருந்தது. கம்பி ஏறி அந்தக் கோட்டுக்கு வந்ததும் சக்கரத்தை நிறுத்தி, ஹூக்கின் முனையை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே கொண்டுவந்து திருகினாள். கையால் ஒரு சுற்றுச் சுற்றியதும் டக்கென்று ஊசி உடைந்தது. முனை ஊசியை உரசும்படி மிக நெருக்கமாக வைத்துவிட்டாள். இரண்டாவது முறை புது ஊசி போட்டு, ஒரு காகிதம் நுழையும் இடம் விட்டாள். தைத்தது. ஒரு ஜாண் தூரம் அழகாகத் தைத்துவிட்டு மறுபடி விட்டது. திருகை இறுக்கியது போதவில்லை, ஹூக் மீண்டும் வழுக்கியிருந்தது. அந்த இடத்தில் ஜுபைதா தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். அழுகைக்கு மிஷின் மட்டும் காரணமில்லை. காலர் காரணம், இஸ்மாயில் பாய் கோபப்படாதது காரணம், வெங்காயம் வெட்டி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது என்பதும் ஒரு காரணம். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையில் இருந்த கறுப்பு எண்ணெய் மீசையாக ஒட்டிக்கொண்டது தெரியாமல் மூன்றாவது முறை குனிந்தாள். இந்த முறை திருகுகளைப் பல்லைக் கடித்து இறுக்கினாள்.

பிளக்கைச் செருகி மிதித்தாள். வெள்ளைத் துணியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எறும்பு வரிசை மாதிரி தையல் விழுந்தது. இழுத்துப் பார்த்தாள். ரெக்சின் தைத்த மனிதரை நினைத்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தாள். பிரியவில்லை.

கதவைத் திறந்தபோது சாதுல்லா படியிலேயே உட்கார்ந்திருந்தார். மீசையைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று யோசித்து, உயிர் மேல் ஆசை வைத்து, சிரிக்காமல் விட்டார். ஆனால் சாயங்காலத்துக்குள் டீக்கடை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "கஜபதியே கைய விரிச்சிட்டான். நாங்க ரெண்டு பேருமா உக்காந்து ரெடி பண்ணிட்டோம்." அந்த ரெண்டாவது ஆள் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

புர்காக்கள் பெருநாளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தன. இஸ்மாயில் பாய் வேறு ஆள் பார்க்கவில்லை.

பெருநாள் முடிந்த வாரம் கஜபதி தானாகவே வந்தார். கூப்பிடாமல் அவர் ஒரு மிஷினைத் தேடி வந்தது சரித்திரத்தில் இல்லை. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன். ஹூக்கு மாத்திட்டியா?"

"மாத்தல. அதே ஹூக்குதான். டைமிங்தான் வழுக்கிச்சு."

"எங்க, காட்டு."

சாய்த்துக் காட்டினாள். கஜபதி குனிந்தார். இன்னும் குனிந்தார். மூக்கு ஊசிக்கம்பியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோழி தானியத்தைப் பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணால் தேடினார். பிறகு கட்டை விரல் முன்னால் வந்து தடவியது. ஜுபைதா விளக்கை நேராக ஹூக்கின் மேல் பிடித்தாள். அப்போதும் விரல்தான் தேடியது.

"அண்ணாத்தே, கண்ணு தெரியலியா உங்களுக்கு?"

கஜபதி நிமிரவில்லை. "ஒரு கண்ணுல பொறை. இன்னொண்ணு ஆரம்பிச்சிகினு கீது. ஆபரேஷன்னாங்க. கண்ணுல கத்தி வெப்பாங்களாமே."

"அதனாலதான் எல்லாருக்கும் ஹூக்கு பூட்ச்சு, ஷாஃப்ட்டு பூட்ச்சுன்னீங்களா?"

"பூட்ச்சுன்னு சொன்னா ஒருத்தரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

எத்தனை வீட்டில் எத்தனை நல்ல மிஷின் இப்படி எடைக்குப் போயிருக்கும் என்று ஜுபைதா நினைத்தாள். வாய் வரை வந்தது. எதிரில் எண்ணெய்ப் பிசுக்குச் சட்டையோடு ஒரு கிழவர், திட்டு வாங்கத் தயாராகக் கையைத் தொங்கவிட்டு நின்றார். டீ போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்து முடித்த பிறகு, வாய்க்கு வந்ததை மிச்சம் வைக்காமல் சொன்னாள். கஜபதி டம்ளரைக் கீழே வைத்தார். கடைசியில், "நசரத்பேட்டையில ஒரு யூனிட்டு கீது. பொம்பளைங்க பத்துப் பேரு தெக்கிறாங்க. நாளைக்கி மிஷின் பாக்க வரச் சொல்லிக்கீறாங்க" என்று இழுத்தார்.

"அதுக்கு?"

"நீயும் கூட வாயேன்."

சாதுல்லாவுக்கு இது பிடிக்கவில்லை. குடும்பப் பெண் ஊர் ஊராகப் போய் மிஷின் ரிப்பேர் பண்ணுவதா என்று அரை மணி நேரம் பேசினார். ஜுபைதா பீரோவுக்குப் பின்னாலிருந்து ஜாக்கி லிவரை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டுச் சமைக்கப் போனாள்.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் ஜுபைதாவும் கஜபதியும் போனார்கள். போகிற வழியெல்லாம் கஜபதி டைமிங் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டு வந்தார், பாதி சரியாகவும் பாதி தலைகீழாகவும். யூனிட் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் இருந்த ஓனர் பெண்மணி ஜுபைதாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவங்க யாரு நைனா?"

"நம்ம அசிஸ்டெண்ட்டு" என்றார் கஜபதி.

"அசிஸ்டெண்ட்டெல்லாம் இல்லம்மா" என்றாள் ஜுபைதா. "நான் இவரோட மூக்குக் கண்ணாடி."

சொல்லிவிட்டு, உள்ளே போய் முதல் மிஷினின் பிளக்கைப் பிடுங்கினாள்.